தரையின்மேல் வெண்மை கண்டபோது



மார்கழி கழிந்து தை பிறந்திருக்கிறது. நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களில் இது முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். சிவகிரியில் விடியற்காலத்தில் வயல் வரப்புகளின்மேல் பனிமூட்டம் நிற்கிறது. வெயில் ஏறும்வரைக்கும் மேற்கே மலை கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்நாட்களில் நம் கைப்பேசிகளிலும் ஒரு பனி இறங்குகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூணாறிலும் வெண்மையாய்க் கிடக்கும் புல்வெளிகளின் படங்கள் வருகின்றன. அவற்றின்மேல் ‘பனிமழை’ என்றும் ‘பனிப்பொழிவு’ என்றும் தலைப்பு எழுதப்பட்டிருக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: இந்த வருஷமாவது நம் மலையின் உச்சியில் பனி பெய்யுமா?

நம் வாலிபரில் சிலர் வானிலையை ஊன்றிக் கவனிக்கிறவர்கள். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மேகம் எந்தப் பக்கம் நகர்கிறதென்று சொல்ல அவர்களுக்குத் தெரியும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகுமுன்னே அதைப்பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களே இந்தக் கேள்வியை என்னிடத்திலும் கேட்டார்கள். ஆகையால் இவ்வாரத் தியானத்தில் அதைக் குறித்தே எழுதுகிறேன். பனி பெய்யுமா என்பதற்கு விடை சுருக்கமானது: பெய்யாது. ஆனால் அது ஏன் பெய்யாது என்பதையும், பெய்யாததைப் பெய்ததாகச் சொல்லும் பழக்கத்தினால் யாருக்கு என்ன நேரிடுகிறது என்பதையும் சற்றுப் பொறுமையாய் ஆராய வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, சொற்களைப் பார்ப்போம். தமிழில் பனி என்னும் ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி, காலையில் வழியை மறைக்கும் மூட்டமும் பனி, நீலகிரியில் புல்லின்மேல் உறைந்து வெளுப்பதும் பனி, இமயத்தில் வானத்திலிருந்து பஞ்சாய் இறங்குவதும் பனி. வேதத்தின் மூலமொழியாகிய எபிரெயத்திலோ இவற்றிற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. நாம் வாசிக்கும் பழைய திருப்புதலை ஆக்கினவர்கள் அந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை. ‘தல்’ என்னும் சொல்லைப் பனி என்றார்கள். ‘கெபோர்’ என்பதை உறைந்த பனி என்றார்கள். ‘பாராத்’ என்பதைக் கல்மழை என்றார்கள். ‘ஷெலெக்’ என்பதற்குச் சமமான காட்சியை இந்நாட்டார் கண்டதில்லை. ஆகவே அதற்கு ‘உறைந்த மழை’ என்றொரு சொற்றொடரை அமைத்தார்கள். ஏசாயாவின் முதலாம் அதிகாரத்தில் பாவம் நீங்கின வெண்மைக்கு உவமையாக நாம் வாசிப்பது இந்த உறைந்த மழையையே.

அந்தச் சொற்றொடர் நம் காதுக்குச் சற்று விசித்திரமாய் ஒலித்தாலும், அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேகத்தில் பிறந்து வானத்திலிருந்து விழுவது எதுவோ, அது மழையின் குடும்பத்தைச் சேர்ந்தது. தரையை ஒட்டிப் புல்லின்மேல் உருவாவது எதுவோ, அது பனியின் குடும்பத்தைச் சேர்ந்தது. 147ஆம் சங்கீதத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது பஞ்சுக்கும், இரண்டாவது சாம்பலுக்கும் ஒப்பிடப்படுகிறது. ஊட்டியின் புல்வெளியில் ஜனவரி மாத விடியலில் கிடப்பது சாம்பலைப்போல் தூவப்பட்ட இரண்டாவது வகையே. இதை இந்திய வானிலை ஆய்வுத் துறையும் சரியாகவே சொல்லுகிறது. குளிர்காலத்தில் சென்னை மண்டல மையத்தின் அறிக்கைகளில் நீலகிரி மாவட்டத்திலும் கொடைக்கானலிலும் ஓரிரு இடங்களில் இரவில் ‘உறைபனி’ ஏற்படக்கூடும் என்ற வரி வருகிறது. அறிக்கையில் உறைபனி என்றிருந்தது, நம் கைப்பேசிக்கு வந்து சேரும்போது பனிமழையாகிவிடுகிறது.

உறைபனி எப்படி உண்டாகிறது? வானம் தெளிந்து, காற்று அடங்கி, இரவு நீண்டிருக்கும்போது, பகலில் சூடேறின தரை தன் வெப்பத்தைத் தடையில்லாமல் வானத்திற்கு விட்டுவிடுகிறது. தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிருகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அங்கே புல்லின் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனவுடன், காற்றிலிருந்த ஈரம் நீராகாமலே பனித்துகளாய் அதன்மேல் படிகிறது. வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரைக்கு மேலே நான்கடி உயரத்தில் ஒரு மரக்கூண்டுக்குள் வைத்திருப்பார்கள். தரையிலுள்ள புல்லோ அதைவிடச் சில டிகிரி கூடுதலாய்க் குளிர்ந்துபோகும். ஆகவே பதிவேட்டில் இரண்டு மூன்று டிகிரி என்று எழுதப்பட்ட காலையிலும் தலைகுந்தாவிலோ அவலாஞ்சியிலோ புல் வெளுத்துக் கிடப்பதுண்டு.

பனி பெய்வதற்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. அதற்கு ஈரம் நிறைந்த மேகம் வேண்டும்; அந்த மேகத்திலிருந்து தரைமட்டும் காற்று ஏறக்குறைய உறைநிலையில் இருக்க வேண்டும். நம் மலைகளில் இவ்விரண்டும் ஒன்றாய்க் கூடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை மேகம் கொண்டுவரும் இரவுகளில், அந்த மேகமே போர்வையாகித் தரையின் வெப்பத்தைக் காக்கிறது. மேகம் கலைந்து குளிர் கடுமையாகும் இரவுகளில் பெய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. உயரமும் போதாது. வெப்பமண்டலத்தில் சாதாரணமாய்க் காற்று உறைநிலைக்கு வருவது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரத்தில். நம் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 2,695 மீட்டர். பெரியாறு பிறக்கும் இடமென்று நூல்கள் சொல்லும் நம் சிவகிரி மலைகள் இவற்றைவிடத் தாழ்ந்தவை. அடிவாரத்திலிருக்கும் நமக்கோ தை மாத இரவிலும் ஏறக்குறைய 20 டிகிரி வெப்பம் இருக்கிறது.

வேதத்தில் வரும் எர்மோன் மலையை எண்ணிப்பாருங்கள். அதன் உயரம் 2,814 மீட்டர். ஆனைமுடியைவிட நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் அதிகம். ஆனாலும் அங்கே வருஷந்தோறும் குளிர்காலத்தில் உறைந்த மழை பெய்கிறது. காரணம், அது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 33 பாகையில் இருக்கிறது, நீலகிரியோ 11 பாகையில் இருக்கிறது. அன்றியும் அத்தேசத்தில் மழைக்காலமே குளிர்காலம்; மத்திய தரைக்கடலிலிருந்து வரும் ஈரமேகமும் கடுங்குளிரும் ஒரே மாதங்களில் சந்திக்கின்றன. அந்தக் கடற்பகுதியில் பிறந்து கிழக்கே நகரும் காற்றுச்சுழற்சிகளே காஷ்மீரத்திற்கும் குளிர்காலப் பனிப்பொழிவைக் கொண்டுவருகின்றன. நமக்கு எட்டாத தூரத்தில் அவை கடந்துபோகின்றன.

‘ஐயா, தேவனால் கூடாத காரியம் உண்டா? அவர் நினைத்தால் சிவகிரியிலும் பெய்யப்பண்ணமாட்டாரா?’ என்று சிலர் கேட்கக்கூடும். விசுவாசத்திலிருந்து பிறக்கும் கேள்வி. அதை நான் இலேசாய் எண்ணவில்லை. யோபுவினிடத்தில் கர்த்தர் கேட்ட கேள்விகளிலும் உறைந்த மழையின் பண்டசாலையைப் பற்றிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பண்டசாலையின் திறவுகோல் யோபுவின் கையில் இல்லை என்பதே அங்கே சொல்லப்படுவது. அவர் செய்யக்கூடியதை அவர் செய்துவிட்டதாக அறிவிக்க நமக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

தரையின்மேல் வெண்மை கண்ட ஒரு ஜனக்கூட்டத்தை யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் சந்திக்கிறோம். வனாந்தரத்தில் விடியற்காலப் பனி நீங்கினபின் நிலத்தின்மேல் மெல்லியதொன்று கிடந்தது. அதற்கு உவமையாக வேதம் எடுத்தாளும் சொல் ‘கெபோர்’, அதாவது உறைபனி. அந்த ஜனங்கள் பசியோடிருந்தவர்கள், முறுமுறுத்தவர்கள், எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்களை நினைத்து ஏங்கினவர்கள். ஆயினும் தாங்கள் ஏங்கினதின் பெயரை அவர்கள் அதற்குச் சூட்டவில்லை. ‘இது என்ன?’ என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். அந்தக் கேள்வியே அதற்குப் பெயராகி, மன்னா என்று இன்றும் வழங்குகிறது. எனக்கு இது மிகவும் அருமையான காரியமாய்த் தோன்றுகிறது. பெயர் வைக்குமுன் கேட்டார்கள். மோசே சொன்ன பின்பு அறிந்தார்கள். நம் காலத்து வழக்கமோ தலைகீழானது. பெயரை வைத்து, நூறு பேருக்கு அனுப்பி, பிற்பாடு யாராவது கேட்டால் ‘வந்ததை அனுப்பினேன்’ என்கிறோம்.

பனி என்றாலென்ன, உறைபனி என்றாலென்ன, பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தோஷம், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் உண்டு, அதை அந்தப் படங்களுக்குள்ளேயே காணலாம். பனிப்பொழிவு என்று அழைத்தவுடன் அது விடுமுறைக் காட்சியாகிவிடுகிறது. உறைபனி என்று சரியாக அழைத்தால், அது ஒரு விவசாயியின் சொல். நீலகிரியில் உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறினவுடன் தேயிலைக் கொழுந்து கருகுகிறது. உருளைக்கிழங்குச் செடி, கேரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றிற்கும் சேதம் வருகிறது. வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட விவசாயிகள் இருட்டோடே எழும்புகிறார்கள். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மென்மையான செடிகளை மாலையிலேயே மூடிவைக்கிறார்கள். 2019 ஜனவரியின் தொடக்கத்தில் மூணாறில் வெப்பம் பூஜ்யத்திற்குக் கீழே இறங்கினபோது, வெள்ளைப் புல்வெளிகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் திரண்டார்கள். அதே நாட்களில் அங்கே தேயிலைத் தோட்டங்கள் பெரும்பரப்பில் கருகின.

அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள் யார்? அவர்களில் அநேகரின் பாட்டன் பூட்டன்மார் பழைய திருநெல்வேலி, மதுரை மாவட்டங்களிலிருந்து மலையேறிப் போனவர்கள். இலங்கையின் நுவரெலியாவிலும் அப்படியே. அங்கும் ஆண்டின் தொடக்கத்தில் உறைபனி விழுகிறது, அங்கும் தேயிலைச் செடியின் நடுவே நிற்பவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள். கொழுந்து கருகினால் பறிப்பதற்கு வேலை குறையும். வேலை குறைந்தால் கூலி குறையும். நாம் இதயச் சின்னம் போட்டு அனுப்பும் வெள்ளைப் படத்தில், கம்பளியைத் தலையில் போர்த்திக்கொண்டு நிற்கும் நம் சொந்தக்காரர் ஒருவர் இருக்கக்கூடும். சரியான பெயரைச் சொன்னால் அவர் நம் கண்ணுக்குத் தெரிவார்.

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. அது நம் வாசலிலேயே நிற்கிறது. பனிப்படம் வரும் அதே கைப்பேசியில்தான் வெள்ள எச்சரிக்கையும் வருகிறது. எந்தச் செய்தியை நம்புவது, எதைச் சிரித்துத் தள்ளுவது என்று நாம் பழகுவது பனிக்காலத்தில். அந்தப் பழக்கம் சோதிக்கப்படுவது மழைக்காலத்தில். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தபோது, இன்னும் 250 சென்டிமீட்டர் மழை பெய்யுமென்று நாசா அறிவித்ததாக ஒரு வதந்தி ஓடியது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வேறொரு வதந்தியும் பரவ, பண்ணையார் அதை மறுக்க வேண்டியதாயிற்று. கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு உண்மைச் செய்தி உணவைப்போல் தேவைப்பட்ட நேரத்தில், இவையே அவர்களுக்குக் கிடைத்தன.

நம் பகுதியின் நிகழ்ச்சிகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் சாதாரணமாய் ஒரு வருஷம் முழுவதும் பெய்வது அதைவிடக் குறைவு. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கானோர் நாட்கணக்கில் சிக்கியிருந்தார்கள். சுற்றுக் கிராமத்தார் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மலையிலிருந்து திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்து, 17 வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. அருவியில் நிற்கிறவனுக்கு மேலே மலையில் பெய்யும் மழை தெரியாது. அங்கே ஒரு உண்மையான வார்த்தை பத்து நிமிடம் முன்னதாக வந்து சேருவதும் சேராமற்போவதும் உயிரைப் பற்றிய காரியம்.

செய்தியே வந்து சேராத இரவையும் நாம் அறிவோம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவில் மூணாறுக்கு அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணுக்குள் போயிற்று. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தபடியால், வெளியுலகம் அதை அறிந்தது மறுநாள் காலையிலேதான். எழுபது உயிர்கள் போயின. மாண்டவர்களில் அநேகர் கயத்தாறு பக்கத்தில் வேர்கொண்ட குடும்பத்தார். ஆயிரம் வெறும் படங்கள் தங்குதடையின்றி மலையேறி இறங்கும் இக்காலத்தில், வேண்டிய ஒரு சொல் அங்கிருந்து இறங்கி வரவில்லை.

இதையெல்லாம் எழுதுவதினால் வானிலை ஆர்வலர்களை நான் குறைகூறுகிறேன் என்று எண்ணவேண்டாம். நான் அவர்கள் பக்கம் நிற்கிறவன். ஒரு காலத்தில் மழையென்றால் தமிழ்நாடு முழுவதும் சென்னை வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் அவர்களின் வார்த்தைக்காகத் தொலைக்காட்சி முன் காத்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்காக அவரை நேசித்தார்கள். அவர் 2016இல் ஓய்வு பெற்றார். அதன்பின் இந்த ஆர்வம் பல கைகளுக்குப் பரவியிருக்கிறது. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்று அறியப்படும் பிரதீப் ஜான் வானிலைத் துறை உத்தியோகஸ்தர் அல்லர். வேறு வேலையிலிருந்துகொண்டே மழையின்மேலுள்ள பிரியத்தினால் எழுதத் தொடங்கினவர். நம் தென்மாவட்டங்களிலும் அப்படிப்பட்டவர்கள் எழும்பியிருக்கிறார்கள். ஊர்ப்பெயர் சொல்லி, எளிய தமிழில், இரவு விழித்திருந்து எழுதுகிறார்கள். தேர்ந்தவர்களிடத்தில் ஒரு குணத்தைக் கவனித்திருக்கிறேன். வாய்ப்புக் குறைவு என்றால் குறைவு என்றே சொல்லுகிறார்கள். புயல் வரவில்லையென்றால் வரவில்லை என்கிறார்கள். திகிலூட்டும் செய்தி பரவும்போது, பயப்படவேண்டாம் என்று காரணத்தோடு விளக்குகிறார்கள்.

இந்தக் குணத்திற்கு மூதாதை ஒருவர் உண்டு. சார்லஸ் டார்வினைச் சுமந்துசென்ற ‘பீகிள்’ கப்பலின் தலைவராயிருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1854இல் இங்கிலாந்தின் வானிலைத் துறைக்கு முதல் தலைவரானார். 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் புயலில் நொறுங்கி நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, அவர் தந்தியின் மூலமாய்த் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை உண்டாக்கினார். 1861இல் பத்திரிகையில் நாளைய வானிலையை அச்சிடத் தொடங்கினார். அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். தீர்க்கதரிசனம் என்ற சொல்லின் கனம் அவருக்குத் தெரியும். ஆகவே தம்முடைய அறிக்கைகளைத் தீர்க்கதரிசனமென்று யாரும் எண்ணிவிடக்கூடாதென்று, அதற்கென்றே வேறொரு சொல்லைத் தெரிந்துகொண்டார். நாம் இன்று வானிலை முன்னறிவிப்பு என்று சொல்லுவது அந்தச் சொல்லின் வழியாய் வந்ததே. பலமுறை தவறினபோது பத்திரிகைகள் அவரைப் பரியாசம்பண்ணின. 1865இல் அவர் மரித்தபின் அந்தப் பணியே நிறுத்தப்பட்டது. ஆனால் கடலில் போகிறவர்கள் அதை மறுபடியும் கேட்டார்கள். 1867இல் புயல் எச்சரிக்கை திரும்பவும் தொடங்கிற்று. தவறக்கூடியது என்று அறிந்தும் மாலுமிகள் அதைக் கேட்டதற்குக் காரணம், அதைச் சொன்னவர் தமக்குத் தெரிந்ததற்கு மிஞ்சிச் சொல்லவில்லை என்று அவர்கள் கண்டிருந்ததே என்று நான் எண்ணுகிறேன்.

நீதிமொழிகள் 25ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனங்கள் அருகருகே இருக்கின்றன. 13ஆம் வசனம் உண்மையுள்ள தூதனைக் கோடைக்காலத்தில் கிடைக்கும் உறைந்த மழையின் குளிர்ச்சிக்கு ஒப்பிடுகிறது. அடுத்த வசனம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கொடாதவனை, மழையில்லாத மேகத்துக்கும் காற்றுக்கும் ஒப்பிடுகிறது. இரண்டும் வானிலை உவமைகள். இரண்டும் வார்த்தையைப் பற்றியவை. எர்மோனின் பனியைக் கண்ணால் கண்டிருந்த தேசத்தார், அறுவடை வெயிலில் அந்தக் குளிர்ச்சி எப்படிப்பட்டதென்று அறிந்திருந்தார்கள். நம் மலையில் உறைந்த மழை பெய்யாது. ஆனால் அதன் குளிர்ச்சியைச் சிவகிரியில் ஒருவருக்கொருவர் கொடுக்க இந்த வசனம் வழி சொல்லுகிறது: சொல்வதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஆகையால் பிரியமானவர்களே, உங்களிடத்தில் சில காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். இந்தத் தை, மாசி மாதங்களில் வெள்ளைப் படம் ஒன்று உங்களுக்கு வந்தால், அனுப்புமுன் ‘இது என்ன?’ என்று கேளுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், எடுத்தவர் யார் என்று தெரியாவிட்டால் அது உங்களோடே நிற்கட்டும். உறைபனியை உறைபனி என்றே எழுதுங்கள். கோடை இடிமழையில் ஆலங்கட்டி விழுந்து தரை வெளுத்தால் அதைக் கல்மழை என்று சொல்லுங்கள். நமக்கு வேதத்திலேயே அதற்குச் சொல் இருக்கிறது. இப்படிச் செய்கிறபோது, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நீங்கள் அனுப்பும் எச்சரிக்கையை ஜனங்கள் நம்புவார்கள்.

வானிலை மையத்தின் நிறங்களையும் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் கவனமாயிருக்கவேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிருக்கவேண்டும். சிவப்பு என்றால் செயல்படவேண்டும். 7 முதல் 11 சென்டிமீட்டர் வரைக்கும் கனமழை, 12 முதல் 20 வரைக்கும் மிக கனமழை, 21க்கு மேற்பட்டால் அதி கனமழை. இந்த மூன்று அளவுகளை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடம்பண்ணலாம்; அவர்களுக்கு அது கடினமல்ல.

வானிலையை ஆராயும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் அறிவு சபைக்கும் ஊருக்கும் ஒரு ஈவு. நம் தெருக்களில் கைப்பேசி இல்லாத முதியோர் இருக்கிறார்கள். இருந்தும் வாசிக்க அறியாதவர்கள் இருக்கிறார்கள். மலையடிவாரத் தோப்புகளில் காவலிருப்போர், ஆடு மேய்ப்போர், செங்கல் சூளைகளில் தங்கியிருக்கும் வெளியூர்க் குடும்பங்கள் இருக்கிறார்கள். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் அவர்களிடத்தில் நடந்துபோய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒரு தெருவுக்கு இருவர் போதும். குற்றாலத்துக்குப் போகும் உறவினர் இருந்தால், மலையில் மழை உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள். குளிக்கத் தடை விதித்திருந்தால் அந்தத் தடையை மதிக்கச் சொல்லுங்கள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் இந்தப் பட்டியலை எழுத உட்காருவோம். விருப்பமுள்ளவர்கள் தங்கியிருக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

பனியைக் காண ஆசையுள்ளவர்கள் தாராளமாய்ப் போய்வாருங்கள். ஊட்டிக்குப் போனால் தலைகுந்தாவில் சூரியன் எழும்புமுன் நில்லுங்கள். ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் உப்பைப்போல் அது ஒட்டியிருப்பதைக் குனிந்து பாருங்கள். அருகே தேயிலையோ கேரட்டோ பயிரிட்டிருக்கிறவர் யாராவது நின்றால், இந்த வருஷம் சேதம் எவ்வளவு என்று அவரிடத்தில் விசாரித்து, அவருக்காக ஜெபித்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து நீங்கள் கண்டதை எங்களுக்குச் சொல்லுங்கள். அதைக் கேட்க நாங்கள் ஆவலாயிருப்போம்.

கர்த்தர் நம் வாயின் வார்த்தைகளைக் காத்து, குளிரிலும் மழையிலும் வேலைசெய்கிற நம்முடைய ஜனங்களைப் பாதுகாப்பாராக. ஆமென்.